இலையும் இரும்பும்
கொக்கட்டிச்சோலைப் புறக்காட்டு வேட்டைக்கத்தி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் வாளைப் பற்றி எழுதினர். ஏரைப் பற்றியும் ஓரளவு எழுதினர். கத்தியைப் பற்றி எழுதியோர் அரியர். அரசன் கையில் இருந்தமையால் வாள் கல்வெட்டிலும் காவியத்திலும் இடம்பெற்றது. உழவன் கையில் இருந்த ஏர் வரிப்பதிவுகளில் இடம்பெற்றது. காட்டில் விலங்கின் தோலை உரித்து, ஊனை எலும்பிலிருந்து பிரித்து, ஒரு குடும்பத்தின் பசியை ஆற்றிய கத்தியோ எவர் ஏட்டிலும் ஏறவில்லை. அதை வைத்திருந்தவன் ஏடெழுதுபவன் அல்லன் என்பதே அதற்குக் காரணம்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள கொக்கட்டிச்சோலையையும் அதன் புறத்தே விரிந்த காட்டையும் களமாகக் கொண்டு, வேட்டைக்கத்தி எவ்வாறு தெரிவு செய்யப்பட்டது, அத்தெரிவு யாரால் செய்யப்பட்டது என்னும் இரு வினாக்களை இக்கட்டுரையின்கண் ஆராய்வாம். கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், 'வேடர் நாகரிகமற்றோர், பிறர் கொடுத்ததை வாங்கிப் பயன்படுத்தியோர்' என்று இன்றும் பாடநூல்களிற் படிந்து கிடக்கும் எண்ணம் சரியா பிழையா என்பது இதன் விடையிலே தங்கியுள்ளது.

களம்

கொக்கட்டிச்சோலை என்றதும் இக்காலத்தவர் மனத்தில் முதலில் எழுவது 1987ஆம், 1991ஆம் ஆண்டுகளில் அவ்வூரார் பட்ட பெருந்துயரேயாம். அத்துயரத்தை மறவாமலே, அதற்கு மிக முற்பட்ட அவ்வூரின் வரலாற்றையும் நாம் நினைத்தல் வேண்டும்.

மட்டக்களப்பார் தம் நிலத்தை வாவியைக் கொண்டு இரண்டாக வகுப்பர். ஞாயிறு எழும் பக்கமாகிய கடற்கரை நிலம் எழுவான்கரை. ஞாயிறு படும் பக்கமாகிய உள்நிலம் படுவான்கரை. கொக்கட்டிச்சோலை படுவான்கரைக்கு உரியது. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை எழுவான்கரையிலிருந்து அங்குச் செல்வோர் பெரும்பாலும் படகுத்துறையையே நம்பியிருந்தனர். ஊருக்கு மேற்கே வயல்கள். வயல்களுக்கு அப்பால் குளங்களும் மேய்ச்சல் வெளிகளும். அவற்றுக்கும் அப்பால் காடு. அக்காடு மேற்கே செல்லச் செல்ல, பழைய நூல்கள் விந்தனை என வழங்கும் பிந்தென்னை நாட்டோடு கலந்துவிடும். வேடர் வாழ்ந்த நிலம் என்று பதினேழாம் நூற்றாண்டு முதலாக எழுத்திற் பதிவாகியிருப்பது அந்நாடே. ஆகவே படுவான்கரை ஊர்கள் வயலுக்கும் காட்டுக்கும் இடைப்பட்ட வாயில்கள் எனலாம்.

இவ்வுண்மையைக் கொக்கட்டிச்சோலையின் பெயரே தாங்கி நிற்கின்றது. 'தேசத்துக் கோயில்' என மட்டக்களப்பார் போற்றும் தான்தோன்றீசுவரர் ஆலயத்தின் தோற்றம் பற்றி வழங்கும் ஐதிகம், கொக்கட்டி மரங்கள் செறிந்த சோலையில் வேடனொருவன் மரமொன்றை வெட்டியபோது குருதி பெருகியதாகவும், அவ்விடத்திலே இலிங்கம் வெளிப்பட்டதாகவும் கூறும். ஐதிகத்தை வரலாறாகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் ஐதிகம் எதை இயல்பெனக் கருதிற்று என்பதை வரலாற்றாசிரியன் நோக்கலாம். ஊரின் முதல் மனிதனாக அது வேடனையே கண்டது. அவன் கையில் இரும்புக் கருவியொன்று இருந்ததையும் அது இயல்பாகவே கொண்டது. கடவுளைக் கண்ட கருவியும் இரும்பே. அவ்விரும்பு வேடன் கைக்கு எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் ஐதிகம் கூறவில்லை. அதனையே நாம் தேடவேண்டியுள்ளது.

தொழில் வேண்டும் கத்தி

தேடுமுன் தொழிலின் இயல்பை அறிதல் அவசியம். கருவி எதைச் செய்யவேண்டுமென அறியாதார் அதன் வடிவத்தைப் பற்றிப் பேசுதல் இயலாது.

வேட்டைவிலங்கை ஊனாக்குவதில் இருவேறு தொழில்கள் உள. ஒன்று தோலுரித்தல், மற்றொன்று எலும்பிலிருந்து தசையைப் பிரித்தல். இவ்விரண்டும் கத்தியிடத்து எதிரெதிரான பண்புகளை வேண்டுகின்றன.

தோலுரிக்குங்கால் கத்தியின் வாய் வளைந்து அகன்றிருத்தல் நன்று. அப்போது தோலுக்கும் தசைக்கும் இடையிலுள்ள மெல்லிய சவ்வை நீண்ட வீச்சில் அறுக்கலாம். முனை கூராயிருப்பின் தோல் துளைபடும்; வயிற்றைத் திறக்கும்போது குடல் கிழிந்து இறைச்சி கெடும். ஆகவே தோலுரிக்கும் கத்திக்கு முனை சற்று மேனோக்கி வளைந்தோ மழுங்கியோ இருப்பது வேண்டற்பாலது. அலகு நீண்டிருக்கவும் வேண்டுவதில்லை. நான்கைந்து அங்குலம் போதும். தேர்ந்த கையுடையோன் தோலின் பெரும்பகுதியைக் கையால் இழுத்தும் முட்டியால் தள்ளியுமே பிரிப்பான். ஒட்டிக்கொள்ளும் இடங்களில் மட்டும் கத்தியை வைப்பான். மயிர் கத்தியின் கூரை விரைவில் மழுக்கும். அதனால் முதற்கீறலின்பின் தோலின் உட்புறமிருந்து வெளிநோக்கி அறுப்பதே முறை.

எலும்பு பிரித்தற்கு வேண்டியது இதற்கு மாறானது. எலும்பின் வளைவை ஒட்டிச் செல்லவும், மூட்டின் இடைவெளியில் நுழைந்து தசைநாரை அறுக்கவும் ஒடுங்கிய அலகும் கூரிய முனையும் வேண்டும். முதுகு தடித்திருந்தால் அலகு வளையாது. அறிந்தவன் எலும்பை வெட்டுவதில்லை, மூட்டைத் தேடுவான். எலும்பைப் பிளக்க வேண்டியவிடத்துக் கோடரி உண்டு. அதன் வேலையைக் கத்திக்குக் கொடுப்பவன் கத்தியை இழப்பான்.

இறைச்சிக்கடைக்காரன் இரண்டு கத்திகளை வைத்துக்கொள்ளலாம். காட்டில் நடப்பவன் சுமையைக் குறைக்கவேண்டியவன். ஆதலால் அவன் தெரிவு எப்போதும் ஓர் இணக்கமாகவே அமையும்: அடியில் தடித்து நுனியில் மெலிந்து, வாயின் முற்பகுதி மட்டும் வளைந்த நடுத்தர அலகு. பிடியும் அலகுக்கு ஒப்ப முக்கியமானது. குருதியும் கொழுப்பும் பட்ட கை வழுக்கும். வழுக்கிய கை கூரின்மேற் சென்று விழும். சொரசொரப்பான கொம்பையோ, கைக்கு ஏற்பச் செதுக்கிய மரத்தையோ பிடியாகக் கொள்ளுதல் இதனாலேதான்.

இறுதியாக உலோகத்தின் தன்மை. கொல்லர் இரும்பைக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தி வன்மை ஏற்றுதலைத் தோய்ச்சல் என்பர். தோய்ச்சல் மிகுந்தால் கூர் நெடிது நிற்கும். ஆனால் எலும்பிற் பட்டால் சிதறும், காட்டிலே தீட்டவும் இயலாது. தோய்ச்சல் குறைந்தால் கூர் விரைவில் மழுங்கும். ஆனால் ஓடைக் கல்லில் நாலு தரம் தேய்த்தால் மீண்டும் வந்துவிடும். கடையில் நின்று பார்ப்பவனுக்கு முன்னதே சிறந்ததாகத் தோன்றும். காட்டில் நிற்பவன் பின்னதையே நாடுவான். வெப்பநாட்டில் கொன்ற விலங்கின் இறைச்சி சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்குமாதலின், கூர் போன கத்தியுடன் காத்திருக்க அவனுக்கு நேரமில்லை. எனவே நல்ல கத்தி எதுவென்பதைத் தீர்மானிப்பது பட்டறை அன்று. அதைப் பயன்படுத்தும் இடமே. இக்கருத்தை மனத்திருத்தி மேற்செல்வாம்.

கல்லிலிருந்து இரும்புக்கு

இலங்கையில் அறியப்பட்ட மிகப் பழைய வெட்டுங் கருவிகள் கல்லாலானவை. களுத்துறை மாவட்டத்துப் பாகியன் குகையில் ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதர் விட்டுச்சென்ற குவாட்சுக் கல்லின் நுண்கருவிகளும், அவர்கள் உண்ட குரங்கு, மரவணில் முதலியவற்றின் எலும்புகளும் அண்மைக் கால ஆய்வுகளில் ஆராயப்பட்டுள்ளன. விரல்நுனி அளவேயான அக்கற்சில்லுகள் எலும்பில் வெட்டுத் தழும்புகளை விட்டிருக்கின்றன. தோலுரித்தலும் எலும்பு பிரித்தலும் இந்நாட்டில் எத்துணைத் தொன்மையான தொழில்கள் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டா.

கிழக்கிலங்கையை அடுத்த வேடர் நிலத்தில் கற்கருவிகளைத் தேடியோருள் சுவிற்சர்லாந்து ஆய்வாளரான போல் சரசின், பிறிற்ஸ் சரசின் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர். 1880களில் ஒருமுறை வந்து வேடர்பற்றிப் பெருநூல் எழுதிய இவர்கள், 1907இல் மீண்டும் வந்து நில்கலைப் பகுதிக் குகைகளிற் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். அவர்கள் காலத்து வேடர்கள் கல்லை ஆண்டாரல்லர். அவர்களிடம் இரும்பு இருந்தது. கல் எப்போது கைவிடப்பட்டது என்பது ஒருபுறமிருக்க, அதைக் கைவிட்டமையின் விளைவொன்றை நாம் கவனித்தல் வேண்டும். கற்கருவியை வேட்டுவன் தானே செய்துகொண்டான். ஆற்றுப்படுகையில் கல்லெடுத்து அங்கேயே தட்டி அதன் கூரைக் கொண்டான். இரும்புக்கோ உலையும் துருத்தியும் நிலையான இருப்பும் வேண்டும். இரும்பை விரும்பிய அன்றே வேட்டுவன் தன் கருவிக்குப் பிறனொருவனை நாடவேண்டியவனானான்.

அப்பிறன் இந்நாட்டிலே திறமை குன்றியவனாக இருக்கவில்லை. சமனலவெவப் பகுதியிலே தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளைக் கில் யூலெவ் என்னும் ஆய்வாளர் அகழ்ந்து, அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையில் உயர்ந்த உருக்கை ஆக்கியமையை 1996இல் வெளியிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப்பற்றி எழுதிய அரபு அறிஞர் அல்கிந்தி சரந்தீபத்து இரும்பையும் எடுத்துரைத்தார். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில், இரும்பு உருக்கும் பழந்தொழிலின் இறுதிச் சுவடுகளைப் பதிவு செய்துள்ளார். ஆகவே காட்டின் விளிம்பிலிருந்த ஊர்க் கொல்லன், நெடிய மரபொன்றின் கடைசிக் கிளையாவான்.

இலையின் சான்று

வேட்டுவனும் கொல்லனும் எவ்வாறு தொடர்புகொண்டனர் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் தலையாய சான்று றொபேட் நொக்ஸ் எழுதியது. கிழக்குக் கரையின் கொட்டியாரத்தில் 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்த அவ்வாங்கிலேயரின் நூல் 1681இல் இலண்டனில் வெளிவந்தது. பிந்தென்னை நாட்டு வேடரைப்பற்றி எழுதுமிடத்து அவர் கூறுவதன் சாரம் வருமாறு: வேடர்க்கு அம்பு வேண்டுமாயின் இரவில் இறைச்சிச் சுமையைக் கொண்டுவந்து கொல்லன் பட்டறையிலே தொங்கவிடுவர், தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் ஓர் இலையை வெட்டி அதன் பக்கத்தே தொங்கவிடுவர். அவ்வடிவிற் கொல்லன் செய்து வைத்தால் மேலும் இறைச்சி கொணர்ந்து கைம்மாறு செய்வர். செய்யாதொழிந்தால் அவனுக்குத் தீங்கு விளைப்பர்.

முகம் பாராது நிகழ்ந்த இப்பண்டமாற்று வெளிநாட்டார் பலரின் வியப்புக்குரியதாயிற்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனத்துறவி பாகியன், இத்தீவின் ஆதிக்குடிகளான ஆவிகள் தம்மைக் காட்டாமலே வணிகரோடு பண்டம் மாற்றியதாக வழங்கிய கதையை எழுதியுள்ளார். அதனை வேடர் பண்டமாற்றின் பழைய நினைவெனக் கருதுவோர் உளர். ஆயின் இவ்வாறு எழுதியோரும் அவரை வழிமொழிந்தோரும் கண்டது வேடனின் அச்சத்தையும் மறைவையுமே. இரவு அவர் கண்ணிற் பட்டது, இலை படவில்லை.

அவ்விலையைச் சற்று ஆழ்ந்து நோக்குவாம். இலையை வெட்டி வைத்தவன் 'எனக்கு ஓர் இரும்பு தா' என்று கேட்கவில்லை. 'இந்நீளத்தில், இவ்வகலத்தில், இவ்வளைவில் தா' என்றே கேட்டான். தொழிலின் தேவையை அறிந்து வடிவத்தைத் தீர்மானித்தவன் அவனே. கொல்லன் அவ்வடிவத்துக்கு உலோகம் கொடுத்தான். இக்காலத்தார் மொழியிற் சொல்வதாயின், இலை ஒரு வரைபடம். எழுத்தறியாதவன் என்று இகழப்பட்டவன் எழுத்தைவிடத் துல்லியமான முறையொன்றாலே தன் கருத்தைத் தெரிவித்தான். வடிவம் பிழைத்தால் ஏற்கமாட்டான் என்பதையும் நொக்ஸின் கூற்றிலிருந்தே அறிகின்றோம். பிறர் கொடுத்ததை வாங்கியவனின் நடத்தை அன்று இது; தெரிந்து கொள்பவனின் நடத்தையாகும்.

நொக்ஸ் கூறியது அம்பையன்றோ, கத்தியை அன்றே என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால் வேட்டுவர் வாழ்விலே அம்பும் கத்தியும் முற்றாக வேறுபட்ட கருவிகள் அல்ல. வேடரின் அம்புகளுள் நீண்டகன்ற இரும்பு அலகுடையன இருந்தன. அத்தகைய அலகு குத்துவதோடன்றி அறுக்கவும் வல்லது. தமிழர்க்கு இது புதியதன்று. பெரியபுராணத்துக் கண்ணப்பர் பன்றியை உடைவாளாற் கொன்றார். பின்னர் தம் கண்ணை இடந்து அப்பியபோது அவர் கைக்கொண்டது அம்பையே. உயிருள்ள தசையிலிருந்து கண்ணைப் பழுதின்றி எடுக்கும் நுண்தொழிலுக்கு அம்பு உதவும் என்பதைச் சேக்கிழாரும் அவர் நூலைக் கேட்டோரும் ஐயுறவில்லை. மேலும் 1911இல் வெளியான செலிக்மன் தம்பதியரின் நூல், வேடர் தம் வேட்டைத்தெய்வ வழிபாட்டில் நீண்ட அலகுடைய அம்பைச் சடங்குப் பொருளாகக் கொண்டமையை விரித்துரைக்கின்றது. தெய்வத்தின் முன் வைக்கத்தக்கதாக ஒரு சமூகம் தன் கருவிகளுள் ஒன்றைத் தெரிந்தபோது, அலகையே தெரிந்தது.

வேடரின் இறைச்சி சேமிப்பும் இதற்குத் துணைச் சான்றாகும். மரப்பொந்திலே தேனை விட்டு, அதனுள் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்சகாலத்துக்கென வைப்பர் என்று நொக்ஸ் எழுதுகின்றார். தேன் உள்ளே ஊறவேண்டுமாயின் இறைச்சி எலும்பு நீங்கியதாகவும் மெல்லிதாக அரியப்பட்டதாகவும் இருத்தல் நன்று. புகையில் உலர்த்தும் வற்றலுக்கும் அவ்வாறே. எலும்பைச் செவ்வையாகப் பிரிக்கும் கூரிய கருவியின்றி இத்தகைய சேமிப்பு இயலாது. ஆகவே கத்தியின் தெரிவு அன்றைய பசியை மட்டுமன்றி, வரப்போகும் பஞ்சத்தையும் எண்ணிச் செய்யப்பட்ட தெரிவாகும்.

மற்றொரு வேட்டைக்காரன்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்காடுகளுக்கு வேறொரு வேட்டைக்காரன் வந்தான். ஆங்கிலேயக் குடியேற்றக்காரரும் அதிகாரிகளும் வேட்டையை உணவுக்காகவன்றி விளையாட்டாக ஆடினர். இவர்களுட் பெயர் பெற்றவர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில் 1848 முதல் 1855 வரை குடியிருந்த அவர், வேட்டைநாய்களைக் கொண்டு மரையைத் துரத்திக் கத்தியாற் கொல்வதைத் தம் முதன்மையான பொழுதுபோக்காகக் கொண்டிருந்தார். வேடர் வாழ்ந்த நிலங்களிலும் வேட்டையாடினார். மரையை அவர் 'எல்க்' என்றே எழுதினார். வட ஐரோப்பாவின் வேறொரு விலங்குக்குரிய அப்பெயர் இலங்கை ஆங்கிலேயரிடையே நெடுங்காலம் வழங்கிற்று.

பேக்கரும் தம் கத்தியைப்பற்றி எழுதியுள்ளார். 1854இல் வெளிவந்த நூலின்படி, தாம் வகுத்த வடிவிலேயே அதனை இலண்டன் கடையொன்றிற் செய்வித்தார். அலகு ஓரடி நீளம். அகன்ற இடத்தில் இரண்டு அங்குலம். முனையிலிருந்து மூன்று அங்குலத்துக்கு இருபுறமும் கூர். முழுக்கத்தியின் நிறை மூன்று இறாத்தல்.

மேலே நாம் வகுத்த அளவைகளைக் கொண்டு இக்கத்தியை நோக்கினால் உண்மை தெளிவாகும். மூன்று இறாத்தல் நிறையும் ஓரடி நீளமும் உடைய இருபுறக் கூர்க்கத்தி, நாய்கள் வளைத்து நிற்கும் விலங்கைக் குத்திக் கொல்லுதற்கு உரியது. தோலுரிக்க அதனை எடுத்தால் தோல் கிழியும்; எலும்பு பிரிக்க எடுத்தால் கை சோரும். பேக்கர் அறியாமையால் அவ்வாறு செய்தார் என்பதற்கில்லை. தம் தொழிலுக்கு ஏற்பவே தெரிந்தார். அவர் தொழில் கொலையோடு முடிந்தது. உரித்தலும் பிரித்தலும் கூலியாளின் பணி. அதற்கு வேண்டிய கத்தியைப்பற்றி எழுதவேண்டிய தேவை துரைக்கு இருக்கவில்லை.

இங்கே ஓர் ஒப்புமை மனங்கொள்ளத்தக்கது. வேடனும் பேக்கரும் தத்தமக்கு வேண்டிய வடிவத்தைத் தாமே வகுத்துக் கொல்லனிடம் கொடுத்தனர். ஒருவர் இலண்டனுக்கு எழுதிக் கேட்டார்; மற்றவன் இலையை வெட்டித் தொங்கவிட்டான். செய்கை ஒன்றே. ஆயினும் முன்னவரை ஆய்ந்தறிந்த வேட்டைவல்லுநர் என்றும், பின்னவனைக் காட்டுமனிதன் என்றும் நூல்கள் எழுதின. வேறுபாடு அறிவில் இல்லை. யார் கையில் எழுதுகோல் இருந்தது என்பதிலேதான் இருந்தது.

சட்டமும் நீரும்

அந்நூற்றாண்டிலே மான்தோலும் கொம்பும் ஏற்றுமதிப் பண்டங்களாயின. துவக்கு பெருகியது. தோலுக்காகவும் விளையாட்டுக்காகவும் நிகழ்ந்த கொலையால் விலங்கினம் குன்றியபின், காப்பு முயற்சிகளும் தோன்றின. 1894இல் வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. அதனை நிறுவியோருள் வேட்டைப்பிரியரும் இருந்தனர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இத்துறையின் அடிப்படைச் சட்டமாயிற்று. திருத்தங்களோடு இன்றும் அதுவே நடைமுறையிலுள்ளது. மான், மரை முதலியவற்றைக் கொல்லுதல் இன்று தண்டனைக்குரிய குற்றமாகும்.

இச்சட்டத்தின் தேவையை மறுப்பது நம் நோக்கமன்று. காடு சுருங்கிய நாட்டில் விலங்கைக் காக்காதொழிவது பெரும்பிழை. ஆனால் சட்டத்தின் பாரம் எவர்மேல் விழுந்தது என்பதை வரலாறு கூறாதிருக்கலாகாது. விளையாட்டு வேட்டைக்காரன் வேறொரு விளையாட்டுக்குச் சென்றான். காட்டை உணவாகக் கொண்டவனுக்குச் செல்ல வேறிடமில்லை.

சட்டத்தைத் தொடர்ந்து நீர் வந்தது. கல்லோயா அபிவிருத்திச் சபை 1949இல் அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் எழுந்த அணை சேனநாயக்க சமுத்திரம் என்னும் பெருங்குளத்தைத் தோற்றுவித்தது. அதனைச் சூழ்ந்த காடு 1954இல் தேசியப் பூங்காவாயிற்று. செலிக்மன் தம்பதியர் வேடரைச் சந்தித்த நிலங்கள் பல இவ்வாறு நீருள்ளும் பூங்காவுள்ளும் குடியேற்றத்துள்ளும் அடங்கின. 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது தம்பானை வேடர் பலர் குடியேற்றக் கிராமத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். பெயர மறுத்து அங்கேயே இருந்த முதியவரான திசாஹாமி 1998இற் காலமானார்.

தமிழ் மாணவராகிய நமக்கு இன்னும் அணுக்கமான ஒரு கூட்டத்தார் உளர். மட்டக்களப்புக்கு வடக்கே வாகரை முதலாகத் திருகோணமலை மாவட்டத்து மூதூர்ப் பகுதி வரை வாழும் கரையோர வேடர் தமிழையே தாய்மொழியாகக் கொண்டவர். செலிக்மன் தம் நூலில் இவர்களுக்குத் தனியிடம் அளித்துள்ளார். இவர்களும் மீன்பிடித்தும் சேனை செய்தும் தேனெடுத்தும் வாழ்ந்து வந்தோர். உள்நாட்டு வேடரைப்பற்றி ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் நூல்கள் பல இருக்க, தமிழ்பேசும் இவர்களைப்பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகச் சிறிதே. மட்டக்களப்பு மான்மியம் 1962இலும், மட்டக்களப்புத் தமிழகம் 1964இலும் நூல்வடிவம் பெற்று இந்நாட்டுக் குடிகளின் வரலாற்றுக்கு அடித்தளமிட்டன. அவ்வடித்தளத்தின்மேல் காட்டுமக்களின் கருவிவரலாறு இன்னும் எழுப்பப்படவில்லை.

இன்றைய நிலை

படுவான்கரையில் இன்று கத்திக்குத் தேவை இல்லாமற் போய்விடவில்லை. வயலறுக்கத் தாக்கத்தி, விறகு வெட்டக் காட்டுக்கத்தி, ஆடுமாடு அறுக்க இறைச்சிக்கத்தி என அது வெவ்வேறு வடிவில் வாழ்கின்றது. கொல்லர் இரும்பை உருக்குவதில்லை. பழைய லொறியின் வில்லுத்தகட்டைக் காய்ச்சித் தட்டியே நல்ல கத்திகளை ஆக்குகின்றனர். சில்லின் அதிர்ச்சியைத் தாங்குதற்கெனச் செய்த உருக்காதலின் அது முறியாது வளைந்து கொடுக்கும். ஏற்ற தோய்ச்சலில் கூரையும் தாங்கும். கடைகளில் இறக்குமதிக் கத்திகள் பளபளக்கின்றன. ஆயினும் பயன் அறிந்தவர் பட்டறைக்கே சென்று, முன்னர் வைத்திருந்த தேய்ந்த கத்தியைக் காட்டி, 'இதைப்போல, ஆனால் நுனி கொஞ்சம் ஒடுங்கலாக' என்று கேட்பதுண்டு. இலை இருந்த இடத்தில் இன்று பழைய கத்தி இருக்கின்றது. முறை அதுவே.

இம்முறையும் நெடுங்காலம் நிற்குமெனச் சொல்லுதல் அரிது. பட்டறைகள் குறைந்து வருகின்றன. கொல்லனின் மகன் வேறு தொழிலுக்குச் செல்கின்றான். அதற்காக அவனைக் குறைகூறுதல் முறையன்று. ஆனால் அவனோடு ஒரு சொற்றொகுதியும் செல்கின்றது. அலகின் ஒவ்வொரு பகுதிக்கும் வழங்கிய பெயர், தோய்ச்சலின் பதத்தை நிறங்கொண்டு அறியும் முறை, விலங்கின் மூட்டுக்கும் தசைக்கும் காட்டுமக்கள் இட்ட பெயர், பங்கிடும் ஒழுங்கு ஆகியன எந்த அகராதியிலும் முழுமையாக ஏறவில்லை. சட்டத்துக்கு அஞ்சி முதியோர் இவற்றைப் பேசத் தயங்குவதும் உண்டு. வேட்டையைத் தடுப்பது சட்டத்தின் கடமை. வேட்டையின் அறிவைப் பதிவு செய்வதை எச்சட்டமும் தடுக்கவில்லை.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஈடுபடத்தக்க பணி இஃதென்று தோன்றுகின்றது. கோயிற் கல்வெட்டைப் படியெடுக்கச் செல்லும் மாணவர், திரும்பும் வழியிற் பட்டறையிலும் சற்று அமரலாம். கத்தியொன்றைத் தாளில் வைத்து அதன் உருவைக் கோடிட்டெடுத்து, ஒவ்வொரு பகுதியின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள அரைமணி நேரம் போதும். அப்பெயர்களைச் சொன்னவர் ஊர், வயது, தொழில் ஆகியவற்றையும் அவர் இசைவோடு குறித்துவைத்தால் அது ஆய்வுக்கு உதவும் ஆவணமாகும். வாகரைப் பகுதி வேடரிடமும் இவ்வாறே சென்று கேட்டல் வேண்டும். அவர்களை ஆராயப்படும் பொருளாகவன்றி, அறிவுடைய ஆசிரியராக மதித்துச் செல்லுதல் இன்றியமையாதது.

நொக்ஸ் காலத்து வேடன் தான் வேண்டியதை இலையில் வெட்டி வைத்துவிட்டு இருளில் மறைந்தான். அவன் வந்து வாங்கிச் சென்றது இரும்பை. விட்டுச் சென்றது தன் அறிவின் வடிவத்தை. கொல்லன் அதைப் படித்தறிந்தான். நாமோ முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அவன் வந்துபோன இருளைப்பற்றியே எழுதி வந்துள்ளோம். இனியாயினும் இலையைப் படிக்கத் தொடங்குவோமாக.